உயில் எழுதிய கை

கிரயம், ஒற்றி, ஈடு, குத்தகை, தானசாசனம், பாகப்பிரிவினை என்று நிலத்தையும் வீட்டையும் பற்றி நம்மவர் எழுதிக்கொண்ட தஸ்தாவேஜுகளுக்கெல்லாம் நம்மிடத்திலேயே பழைய பெயர்கள் இருக்க, ஒரு மனிதன் தன் காலத்துக்குப் பின் தன் உடைமை யாருக்கு என்று எழுதிவைக்கும் சாசனத்துக்கு மாத்திரம் ஆங்கிலச் சொல் ஒன்றே உயிரெழுத்தை முன்னே ஏற்றுக்கொண்டு ‘உயில்’ என்று தமிழாகி நிலைத்துவிட்டது. மரண சாசனம் என்றும் விருப்ப ஆவணம் என்றும் பண்டிதர்கள் வழங்கிப் பார்த்தார்கள். கிராமத்து வாய் அவற்றை ஏற்கவில்லை. பெயர் அன்னியமாக நின்றதற்குக் காரணம், அந்தப் பொருளே நமக்குப் புதிதாக வந்தது என்பதுதான். அது வந்த வழியையும், அதை எழுதிக்கொடுக்கத் தக்கவரை நம் ஜனங்கள் தேடிய வழியையும், அவருக்கு அவர்கள் கொடுத்த கூலியையும் நினைத்துப் பார்ப்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய தூண்டுதல்.

சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் கல்யாணி நகரத்தில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய மிதாக்ஷரம் என்னும் உரையே தென்னாட்டுக் குடும்பங்களின் சொத்து வியவகாரத்துக்குப் பிரமாணமாக விளங்கிற்று. அதன்படி பிதாமகன் வழிவந்த சொத்தில் மகனுக்குள்ள பாத்தியதை தகப்பன் இறந்த பிறகு உண்டாவதன்று. பிறந்த கணத்திலேயே உண்டாகிவிடுவது. அப்படியிருக்க, மூச்சு நின்றதும் மற்றப் பங்காளிகளிடம் தானே போய்ச் சேர்ந்துவிடும் ஒன்றை, மூச்சு உள்ளபோது யாருக்கு எழுதிவைப்பது? எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றுவதற்கு இடமில்லாத ஏற்பாடு அது. ஆனால் எழுத்தைப் பற்றி அந்த ஸ்மிருதிக்கு நிரம்பக் கவலை உண்டு. பத்திரத்தில் வருஷம், மாதம், நாள், இருவர் பெயர், அவரவர் தகப்பன் பெயர் எல்லாம் வரவேண்டும். கடன்பட்டவன் தன் கையால் தன் சம்மதத்தை எழுதவேண்டும். சாட்சிகள் தங்கள் தகப்பன் பெயரோடு கையெழுத்திட வேண்டும். கடைசியில், இருவரும் கேட்டுக்கொண்டபடி இன்னாருடைய மகன் இன்னான் இதை எழுதினேன் என்று லேககன் எழுதி முடிக்க வேண்டும். முழுவதும் தன் கையாலேயே ஒருவன் எழுதியதாக இருந்தால், பலாத்காரமும் வஞ்சனையும் கலவாதவரையில், சாட்சியில்லாமலே அது செல்லும் என்றும் அந்த நூல் விதிக்கிறது. எழுதுகிறவன் கைக்கு அவ்வளவு மதிப்பு!

நம் நாட்டுக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் இந்த லேககனை நன்றாக அறிவார்கள். சோழர் காலத்துச் சாசனம் ஒன்றில் சபையார் பணிக்க மத்தியஸ்தன் எழுதுவான், அல்லது ஊர்க் கரணத்தான் எழுதுவான்; கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு என்று நான்கு எல்லையும் சொல்லி, நடுவில் உள்ள நிலம் ஒழிவின்றி என்று அடைத்து, முடிவில் இது தன் எழுத்து என்று பெயர் பொறிப்பான். எழுத்தின் கௌரவத்துக்குத் தமிழில் உள்ள மிகப் பெரிய கதை திருவெண்ணெய்நல்லூரில் நடந்தது. புத்தூர்க் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவேதியர் வந்து, மணமகனான நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலையை நீட்ட, அவர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிய, கிழிந்தது படியோலைதான், மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் சொல்ல, சபையார் அந்த மூலவோலையை வாங்கி, நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்பளித்தார்கள் என்று பெரியபுராணம் கூறுகிறது. பக்திக் கதையாகவே நாம் இதைப் படித்துப் பழகிவிட்டோம். ஆயினும் பிரதி வேறு, மூலம் வேறு என்பதும், இறந்துபோனவர் கையை வேறு எழுத்தோடு ஒத்துப் பார்ப்பதும், பாட்டன் எழுத்து பேரனைக் கட்டும் என்பதும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு விளக்கம் வேண்டாத சங்கதிகளாக இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

உயில் என்பது கடல் வழியாகச் சென்னப்பட்டணத்தில் வந்து இறங்கிற்று. 1726-ஆம் ஆண்டின் ராஜ சாசனத்தால் அமைந்த மேயர் கோர்ட்டுக்கு, இறந்தவர் உயிலை மெய்ப்பித்துப் புரொபேட் கொடுக்கும் அதிகாரம் இருந்தது. கம்பெனி வியாபாரிகளோடும் கலெக்டர்களோடும் பழகிய துபாஷிகள் என்னும் இருமொழித் தரகர்கள், அந்தத் துரைமார் சாகுமுன் காகிதம் எழுதிவைத்துப் போவதைக் கண்டார்கள். தங்கள் சுயார்ஜிதமான திரவியத்துக்கும் அப்படிச் செய்யலாம் அல்லவா என்ற யோசனை அவர்களுக்குப் பிறந்தது. அவர்களில் பச்சையப்ப முதலியாரின் சரித்திரம் மற்றெல்லாவற்றையும்விட நெஞ்சைத் தொடுவது.

1754-இல் பிறந்து, தகப்பன் முகம் காணாமல் வளர்ந்து, பதின்வயதிலேயே துபாஷி வேலையில் கைதேர்ந்து, தஞ்சாவூர்ச் சீமையின் வரவுசெலவில் பெரும் பொருள் ஈட்டிய அவர், நாற்பது வயது நிறைந்தும் நிறையாத நிலையில் காவிரிக்கரையில் நோய்ப்பட்டுக் கிடந்தபோது, 1794 மார்ச்சில், தம் செல்வத்தின் பெரும் பகுதி தேவாலய கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும் செல்லவேண்டும் என்று எழுதிவைத்தார். அந்த மாத முடிவிலேயே திருவையாற்றில் காலஞ்சென்றார். எழுதியது தெளிவாகத்தான் இருந்தது, எண்ணம் உத்தமமானது. ஆனால் எழுதியதை நிறைவேற்றும் பொறுப்பு மனிதர் கைமாறி மனிதர் கைக்குப் போய், தர்மம் நடவாமல், பணம் முடங்கி, அந்நாளைய சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் வியாச்சியம் வளர்ந்து, ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இவ்விஷயத்தில் காட்டிய ஊக்கத்தால், கோவில் தர்மங்களுக்கு வேண்டியதை ஒதுக்கியபின் வட்டியாகப் பெருகி நின்ற மிச்சப் பணத்தைக் கொண்டு 1842-இல் சென்னையில் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை திறந்தார்கள். அதுவே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. கல்வி பெற்ற ஆயிரமாயிரம் பேருக்கு அது பாக்கியமே. ஆனால் அந்த உயிலின் ஓலத்தை நாற்பத்தெட்டு வருஷம் கேட்பாரில்லாமல் போயிற்று என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. பிராணன் போகும் தறுவாயில் அந்தப் புண்ணியவான் தேடியிருக்க வேண்டியது எழுதத் தெரிந்தவனை மாத்திரமன்று, எழுதியதைக் காக்கத் தெரிந்தவனையும்.

பட்டணத்துக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. சாஸ்திரத்துக்கு இசைந்த அளவுக்கு அப்பால் இந்துவின் உயிலுக்குப் பலமில்லை என்று 1829-ஆம் ஆண்டின் ஐந்தாம் ரெகுலேஷன் சொல்லிவிட்டது. சாஸ்திரத்திலோ உயிலே இல்லை. இந்த முட்டுச்சந்தில் நியாயஸ்தலங்கள் பல ஆண்டுகள் தடுமாறின. சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற ஒரு வழக்கில் 1856-இல் வந்த தீர்ப்பும், 1862-இல் ஹைக்கோர்ட்டு ஏற்பட்டபின் அங்கே வந்த தீர்ப்புகளும் சேர்ந்து, ஒருவன் உயிருடன் இருக்கையில் தானமாகக் கொடுக்கக் கூடியதை உயிலாகவும் எழுதலாம் என்ற நியாயத்தை நிலைநாட்டின. ஆனால் பிரியாத குடும்பத்துப் பங்காளி தன் பங்கை உயிலால் கொடுக்க முடியாது. அவன் கண் மூடிய கணத்தில் உயிலும் பங்காளிகளின் பாத்தியதையும் ஒன்றாக எழுந்தாலும் பங்காளிகளுடையதே முந்தும் என்று 1874-இல் சென்னை ஹைக்கோர்ட்டு முடிவு செய்தது. சென்னையில் வக்காலத்து நடத்திய ஜான் மெய்ன் 1878-இல் வெளியிட்ட இந்து சட்ட நூல் இந்தக் குழப்பங்களையெல்லாம் அடுக்கிவைத்துக் கொடுத்தது.

இப்படிச் சட்டம் தீர்ப்புக்குத் தீர்ப்பு நகரும்போது, எழுதுகிறவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் ஒரு பிளவு உண்டாயிற்று. அதைச் சொல்லவே இத்தனையும் எழுதுகிறேன். ஊரிலே எழுதத் தெரிந்தவர் கணக்குப்பிள்ளை. எந்த வயலுக்கு எந்த வாய்க்கால், எந்தக் கொல்லையின் வடவெல்லை யாருடைய புளியமரம், எந்த வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று எத்தனை வருஷம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்குக் கூலி களத்திலேயே அளந்தார்கள்; மேரை என்ற பெயரால் விளைச்சலில் ஒரு சிறு பங்கும், மானிய நிலமும் அவர் குடும்பத்துக்குப் பரம்பரையாக இருந்தன. பத்திரம் எழுதினால் வெற்றிலை பாக்கோடு ஏதோ கையில் வைப்பார்கள். பட்டணத்திலோ அட்டர்னி இருந்தார். அவர் கற்றுவந்த இங்கிலாந்து வழக்கத்தில், எழுபத்திரண்டு சொல்லை ஒரு போலியோ என்று எண்ணி எழுத்தின் நீளத்துக்குத் தக்கபடி கட்டணம் வாங்குவார்கள். 1881-இல் அங்கே புதுச் சட்டம் வரும்வரை பத்திரம் நீண்டால் பில்லும் நீண்டது. கடிதம் ஒன்றுக்கு இவ்வளவு, கலந்து பேசியதற்கு இவ்வளவு, நகல் எடுத்ததற்கு இவ்வளவு என்று வரிவரியாக வரும் அந்தப் பில், மேரை அளந்து பழகிய நம்மவரைத் திடுக்கிடச் செய்திருக்கும். இவ்விருவருக்கும் நடுவில் ஜில்லாக் கோர்ட்டு வக்கீல் தோன்றினார். 1802-ஆம் ஆண்டின் ரெகுலேஷன் காலத்தில் அவருடைய பீஸைச் சர்க்காரே வழக்கின் மதிப்பைக்கொண்டு நிர்ணயித்தது; 1846-ஆம் ஆண்டின் முதல் ஆக்டு, வக்கீலும் கட்சிக்காரரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அன்று தொடங்கியதுதான், வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீஸை எப்படிக் கேட்பது என்று குடியானவன் தயங்குவதும், எப்படிச் சொல்வது என்று குமாஸ்தா கனைப்பதும்.

அந்த வக்கீல்களுக்கே ஒரு சங்கடம் இருந்தது. குடும்பச் செலவில் உயர்கல்வி படித்தவன் அந்த வித்தையால் சம்பாதித்தது குடும்பப் பொதுச் சொத்து என்ற வாதம் வலுவாக நிலவியதால், ஊருக்கெல்லாம் உயில் எழுதிக்கொடுத்து வாங்கிய பணத்தைத் தம் மனைவிக்கு எழுதிவைக்க வக்கீலுக்கே உரிமை உண்டா என்பது சந்தேகமாயிற்று. சென்னை வக்கீல்களில் தலைசிறந்தவரான வி. பாஷ்யம் ஐயங்கார் இதை நீக்க 1891-இல் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. அவர் காலத்தில் அது சட்டமாகவில்லை. 1930-இல்தான் வித்தையின் பலன் வித்துவானுக்கே என்ற சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்தது.

கணக்குப்பிள்ளையின் அறிவும் வக்கீலின் அறிவும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருந்தன என்பதை எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் உள்ள ஒரு காகிதத்தைக்கொண்டே சொல்ல முடியும். என் பாட்டனார், பாகப்பிரிவினை ஆனபின் தாமே தேடிய இரண்டு வேலி நிலத்துக்கும் ஒரு வீட்டுக்கும் 1938-இல் எழுதிவைத்த உயில் அது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை என்பது கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தபடியால் வெள்ளைக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறார். சரீர அசௌக்கியம் இருந்தபோதிலும் புத்தி சுவாதீனத்தோடும், பிறர் தூண்டுதல் இன்றியும், மனப்பூர்வமாகவும் என்று தொடங்கி, புத்திர பௌத்திர பாரம்பரியமாய்த் தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று ஓடும் அந்த நடை, விஜயநகரச் செப்பேடுகளில் தானத்துக்கும் அடமானத்துக்கும் விக்கிரயத்துக்கும் உரியது என்று வரும் வாசகத்தின் வம்சத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் நடுவில் ஓர் இடம் உண்டு. பால்யத்தில் விதவையாகி எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தைப் பாட்டிக்கு மேற்கு உள்ளில் ஆயுள்பரியந்தம் குடியிருப்பும், வருஷத்துக்குப் பன்னிரண்டு கலம் நெல்லும், கொல்லைக் கிணற்றில் தடையின்றி ஜலம் எடுத்துக்கொள்ளும் பாத்தியதையும் உண்டு என்று எழுதியிருக்கிறது. பாட்டனார் சொன்னது நெல்லும் குடியிருப்பும்தானாம். கிணற்றைச் சேர்த்தவர் கணக்குப்பிள்ளை. “அண்ணா, நாளைக்கு மருமக்கள் காலத்தில் கிணற்றடியில்தான் முதல் பேச்சு வரும், அதை எழுதிவிடுவோம்” என்று அவர் சொன்னதை என் தகப்பனார் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். எந்த ஊர் வக்கீலுக்குத் தோன்றும் அது?

ஆனாலும் அந்தக் காகிதம் அப்படியே நின்றிருந்தால் ஆபத்தாக முடிந்திருக்கும். உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டு, எழுதியவர் என்ற முறையில் தாமும் கையெழுத்திட்டு, இரண்டு பேர் ஆயிற்று என்று கணக்குப்பிள்ளை நிறுத்திவிட்டார். அவர் கற்ற காலத்தில் அது குற்றமன்று. 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளத்துக்கும், பம்பாய் சென்னை ஆகிய நகரங்களுக்கும்தான் இரண்டு சாட்சி வேண்டும் என்று விதித்தது. வெளி ஜில்லாக்களில் வாய்ச்சொல்லே கூட உயிலாகச் செல்லும் நிலை நெடுநாள் இருந்தது. 1925-ஆம் ஆண்டின் வாரிசு உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 1927 ஜனவரி முதல் தேதியிலிருந்து எந்த ஊரில் எந்த இந்து எழுதும் உயிலுக்கும் இரண்டு சாட்சி தேவை என்று ஆக்கியிருந்ததை அவர் அறியவில்லை. பாட்டனார் மாட்டுவண்டியில் கும்பகோணம் போய் ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டினார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “எழுதினவர் கையெழுத்து, எழுதினதற்கு ஒப்பம். நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்ததற்குச் சாட்சி இன்னொருவர் வேண்டும் ஐயா. இதை இப்படியே வைத்தால் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போவார்கள்” என்றாராம். மறு வாரம் எல்லாரும் கூடியிருக்கப் பாட்டனார் புதிதாகக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் பார்த்துக் கையெழுத்திட்டார்கள். கணக்குப்பிள்ளைக்கு ஐந்து ரூபாயும் ஒரு ஜோடி வேஷ்டியும். வக்கீலுக்குப் பதினைந்து ரூபாய். பாட்டனாரின் கணக்கு நோட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில், ‘உயில் வகை’ என்ற தலைப்பில் இருக்கின்றன.

ஒருவன் தன் கையால் எழுதியதே போதுமென்று விட்ட ஸ்மிருதியிலிருந்து, எழுதினவன் என்ற முறையில் இட்ட கையெழுத்தைச் சாட்சியாக எண்ணாத சட்டம் வரையில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். இலங்கையில் இந்த மதிப்பீட்டைச் சட்டமே எண்ணிக்கையாகச் சொல்லிவிட்டது. 1840-ஆம் ஆண்டின் ஏழாம் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் எழுதினால் இரண்டு சாட்சி போதும். அவர் இல்லாமல் எழுதினால் ஐந்து பேர் வேண்டும். அங்கே எழுதப்படும் அந்தச் சாசனத்தில், நொத்தாரிசு ஒருவர் மூன்று அயலாருக்குச் சமானம்.

சர்க்கார் தன் பங்குக்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தது. அதை உபயோகித்தவர்கள் மிகச் சிலரே என்பது என் வருத்தம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவது கட்டாயமில்லை. எழுதி எத்தனை காலம் ஆனாலும் பதியலாம். பதிய மனமில்லாதவர், உறையிலிட்டு முத்திரை வைத்து ஜில்லா ரிஜிஸ்திராரிடம் ஒப்படைக்கலாம். எழுதினவர் உயிரோடு உள்ளவரையில் அதைத் திரும்பப் பெறலாம். இறந்தபின் உரியவர் மனுச் செய்தால் அவர் முன்னிலையில் உறை பிரிக்கப்படும். உயில் எழுத உட்கார்ந்தால் ஆயுசு குறையும் என்று அஞ்சும் ஜனங்கள், அஞ்சி அஞ்சி எழுதிய அந்தக் காகிதத்தையும் அரிசிப் பானைக்குள்ளும் ராமாயணப் புஸ்தகத்துக்குள்ளும் வைத்துச் செல்லுக்கும் சின்ன மருமகனுக்கும் இரையாக்கினார்கள்.

1956 ஜூனில் வந்த இந்து வாரிசுச் சட்டம், பிரியாத குடும்பத்துப் பங்காளியும் தன் பங்கை உயிலால் கொடுக்கலாம் என்று சொல்லி, 1874-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கதவைத் திறந்துவிட்டது. பெண்ணுக்கும் விதவைக்கும் சொந்தமான சொத்து முழு உரிமையாயிற்று. ஆகவே உயில் எழுத அவர்களும் வந்தார்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளை வேலை பிற்பாடு எடுபட்டது. சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் எதிரில் மேஜை போட்டு உட்கார்ந்த பத்திர எழுத்தருக்கு 1982-ஆம் ஆண்டு விதிகள் லைசென்ஸ் கொடுத்துக் கூலியையும் வரையறுத்தன. அவர் நூறு ஊருக்கு எழுதுகிறவர். ஒரு வீட்டுக் கிணறு அவருக்குத் தெரிய நியாயமில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் எழுதிவைக்க வந்தவர்தான். அவரோ கேட்டால்தான் சொல்வார். ஆகையால் இன்று ஒருவர் என்னிடம், உயில் எழுத எந்த வக்கீலிடம் போகலாம் என்று கேட்டால், எவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரோ அவரிடம் போங்கள் என்றுதான் சொல்கிறேன். பீஸை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 1846 முதல் அது இருவரும் பேசி முடிக்க வேண்டிய சங்கதி. ஆனால் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளாமல் காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்குகிறவர் எவ்வளவு குறைவாக வாங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அத்தைப் பாட்டி, பாட்டனாருக்குப் பின் இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். மேற்கு உள்ளில்தான் இருந்தாள். கிணற்றடியில் ஒருமுறை வார்த்தை தடித்தபோது, என் தகப்பனார் பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்து, கணக்குப்பிள்ளை எழுதிய அந்த ஒரு வரியை உரக்க வாசித்துவிட்டு, பேசாமல் மடித்து உள்ளே வைத்தாராம். பாட்டி குடத்தைக் கிணற்றில் இறக்கினாள்.